மூன்று மணிச் சங்கும் வேலுச்சாமி அண்ணாச்சியின் கேப்சூலும்

போன மாதம், எங்கள் தெருவில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் பெண் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மாத்திரை நேரம் வந்தால் அது தானாக மணியடிக்குமாம். முழுங்கியாச்சா என்று கேட்குமாம். பதில் சொல்லாவிட்டால் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்குமாம். "உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன செஞ்சீங்க மேடம்?" என்றாள். அவள் குரலில் இரக்கம் இருந்தது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"எங்க காலத்துல இதுக்குன்னு ஒரு மில்லையே வச்சிருந்தோம்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு, அதை எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டாள். எழுதிவிட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் மருந்து கொடுத்தவள், ஏதோ சாதனையைச் சொல்லப்போகிறாள் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இது நான் செய்த ஒரு முட்டாள்தனத்தின் கதை.

மருந்தாளுநர் படிப்பை மதுரையில் முடித்தேன். அந்த இரண்டு வருடத்தில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. மறக்காதது எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சிக்கு இருந்த மாதங்கள்தான். காரணம், அங்கே தலைமை மருந்தாளுநராக இருந்த சங்கரலிங்கம் சார்.

சார் ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். மாத்திரைகளைக் கையால் தொடமாட்டார். தட்டில் கொட்டி, ஒரு தட்டைக் கத்தியால் ஐந்தைந்தாக ஒதுக்கி இரண்டு தடவை எண்ணுவார். பிறகு ஜன்னலுக்கு வெளியே நிற்கிற ஆளிடம் கேள்விகள். இதற்கு முன்னால் பென்சிலின் போட்டு உடம்பு தடித்ததா, மூச்சு முட்டியதா? வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? பெண்ணாக இருந்தால், முழுகாமல் இருக்கிறீர்களா? வீட்டில் பழைய மாத்திரை மிச்சம் வைத்திருக்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார். அதோடு விடமாட்டார். "இப்ப நீங்கதான் கம்பவுண்டர், நான் சீக்காளி. எனக்குச் சொல்லுங்க" என்று தன் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு முனக ஆரம்பித்துவிடுவார்.

முதல் நாள் பார்த்தபோது எனக்கு மானமே போனது. ஆனால் ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது. சிலர் அதிகமாகவே பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் விறகுக் கடைக்காரர் ஒருவர், சார் வேண்டுமென்றே மூன்றாவது தடவையும் தப்பாகத் திருப்பிச் சொன்னதும், "யோவ், காது அவிஞ்சு போச்சா? காய்ச்சல் விட்டாலும் முழுசும் முழுங்கணும்னு எம்புட்டு நேரமாச் சொல்லுதேன்!" என்று ஜன்னல் கம்பியை உலுக்கிவிட்டார். சார் முகத்தில் அன்றைக்கு இருந்த திருப்தியை நான் அவர் மகள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வரிசை தேர் நிற்கிற இடம் வரைக்கும் போயிருந்தது.

என்னைச் சேர்த்துக்கொண்ட வாரமே ஒரு காகித உறையில் முப்பது பெப்பர்மின்ட் மிட்டாயைப் போட்டு என்னிடம் கொடுத்தார். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, பத்து நாள், முடிந்ததும் உறையைக் கொண்டு வா என்றார். இது என்ன பெரிய காரியம் என்று வாங்கிக்கொண்டு போனேன். பத்தாம் நாள் உறையில் எட்டு மிச்சமிருந்தது. இரண்டை என் தம்பி தின்றிருந்தான்.

சார் எட்டையும் தட்டில் கொட்டி இரண்டு தடவை எண்ணினார். "உனக்கு நோயில்ல. படிச்சிருக்க. மருந்தும் இனிப்பு. அப்படியும் எட்டு மிச்சம். இனிமே எவனையும் ஏன்டா ஒழுங்காச் சாப்பிடலன்னு கேக்காத. எப்படிச் சாப்பிடப் போறேன்னு முன்னாடியே கேளு" என்றார். தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு மூளை தேவையில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அங்கிருந்து ராஜபாளையத்துக்கு வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்து கவுண்டரில் உட்கார்ந்தேன். என் பெயர் எஸ்தர். ஆனால் அந்த ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. கம்பவுண்டரம்மா, அவ்வளவுதான். அந்த கவுண்டரில் உட்கார்ந்த முதல் இரண்டு வருடத்தில், ஒரு கேப்சூலை மனிதர்கள் எத்தனை விதமாகச் சாப்பிடாமல் இருக்க முடியும் என்று கற்றுக்கொண்டேன்.

சேத்தூரிலிருந்து வந்த ஒரு அம்மா, கேப்சூலைத் திறந்து உள்ளே இருந்த தூளைக் கொட்டிவிட்டு, மேலே இருக்கிற கூட்டை மட்டும் மகனுக்குக் கொடுத்திருந்தார். "பளபளன்னு இருக்குறதுதான மருந்து? உள்ள இருந்தது வெறும் மாவுல்ல?" என்றார். ஒரு ஜவுளிக் கடைக்காரர் காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து அடுத்த காய்ச்சலுக்காகப் பூப் போட்டுவந்தார். பதினோரு பேர் இருந்த ஒரு கூட்டுக் குடும்பத்தில், மூத்த மருமகளுக்கு எழுதிய பத்து நாள் மருந்தை மாமியார் பந்தி போட்டுப் பரிமாறிவிட்டார். ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால் மற்ற மருமகள்கள் என்ன நினைப்பார்கள்? ஒரே நாளில் மருந்து தீர்ந்தது. மருமகளுக்குக் காய்ச்சல் தீரவில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி நேரம். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் எட்டு மணிக்கு ஒன்று என்று போய்விடுவார்கள். காலை, மதியம், ராத்திரி என்று சொன்னால், மில்லில் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு மதியம் இரண்டு மணிதான் காலை. ஒரு வேளை தள்ளிப்போனால், உடம்பில் மருந்து குறைந்து, அரைகுறையாக அடிபட்டுக் கிடக்கிற கிருமி மறுபடி எழுந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் அதே மருந்துக்கு அது மசியாமலும் போகலாம்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய நூல் மில். காலை ஏழு, மதியம் மூன்று, ராத்திரி பதினொன்று என்று ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதுவார்கள். சரியாக எட்டு மணி நேரம். ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் எழுந்தார்கள், உலை வைத்தார்கள், பிள்ளைகளை அடித்தார்கள். "சங்கு ஊதுனா ஒண்ணு முழுங்குங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன். மந்திரம் போட்டதுபோல வேலை செய்தது. உறைகள் காலியாக வந்தன. எங்கள் டாக்டர் மனிதர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். "அந்த மூலம்", "அந்தக் குடலிறக்கம்" என்றுதான் சொல்வார். அவரே கவுண்டருக்கு வந்து, "நல்ல யோசனை" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

சில சில்லறைத் தொந்தரவுகள் வந்தன. தளவாய்புரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் பழக்கத்தில் அதையே சொல்லிவிட, "சங்கு ஊதுற அளவுக்கா எம் புருசன் கெடக்காரு?" என்று அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டாள். கிழக்கே இன்னொரு மில் இருந்தது. அதன் சங்கு அரை மணி நேரம் பிந்தி ஊதும். இரண்டுக்கும் நடுவில் குடியிருந்த ஒரு கிழவர் ஒரு நாளைக்கு ஆறு முழுங்கிவிட்டு வயிற்றுப்போக்கோடு வந்தார். அதற்குப் பிறகு, எந்தச் சங்கு என்பதை நான் கவுண்டரில் ஊதியே காட்டினேன். எங்கள் மில் அடித் தொண்டையிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறும், மற்றது எடுத்த எடுப்பிலேயே கீச்சிடும். நான் இரண்டையும் நன்றாகவே ஊதுவேன். டாக்டர் ஒருமுறை தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தொண்ணூறு வாக்கில்தான் வேலுச்சாமி அண்ணாச்சி வந்தார். அந்த மில்லில் ஃபிட்டர். யூனியனில் கமிட்டி மெம்பர். ஐம்பது வயது இருக்கும். நூல் கட்டைகளை ஏற்றிப்போகிற இரும்பு வண்டியின் சக்கரம் அவருடைய வலது கால் பெருவிரலில் ஏறிவிட்டது. எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று ஷிப்ட் பார்த்திருக்கிறார். வரும்போது விரல் சீழ்கட்டி, எலும்பு வரை இறங்கியிருந்தது. பத்து நாள் படுக்கவைத்து ஊசி போட்டார் டாக்டர். பிறகு, "அந்தக் கால் வீட்டுக்குப் போகலாம். இருபத்தோரு நாள் கேப்சூல். ஒரு வேளை தப்பினாலும் விரல் போகும், அப்புறம் கால் போகும்" என்றார்.

அண்ணாச்சியும் அவர் மனைவி பேச்சியம்மாவும் கவுண்டருக்கு வந்தார்கள். அறுபத்து மூன்று கேப்சூலை இரண்டு தடவை எண்ணி உறையில் போட்டேன். எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. மில்காரர், அவருக்கு இதைவிடச் சுலபமான முறை ஏது? "அண்ணாச்சி, உங்க மில் சங்கு ஊதும்போது ஒண்ணு. அதுக்கு முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாது" என்றேன்.

"அது போதும்மா. முப்பது வருசமா அதுக்குத்தான் எந்திரிக்கேன், அதுக்குத்தான் படுக்கேன்" என்றார் அண்ணாச்சி.

ஏழாம் நாள் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆளுக்கு இன்னொரு இயந்திரம் கூடுதலாகப் பார்க்க வேண்டும் என்ற உத்தரவை எதிர்த்து. வாசலில் பந்தல் போட்டார்கள். சங்கு நின்றது.

மறுநாள் காலை கவுண்டரில் இருபது பேர். சங்கு ஊதவில்லையே, மாத்திரையை என்ன செய்ய என்று. அவர்களையெல்லாம் ரேடியோ நியூஸுக்கும், பள்ளிக்கூட மணிக்கும், மாதா கோயில் மணிக்கும் மாற்றிவிட்டேன். எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அண்ணாச்சி வரவில்லை. விவரம் தெரிந்தவர், சமாளித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் பேச்சியம்மா வந்தார். கையில் உறை. உள்ளே, சங்கு நின்ற நாளிலிருந்து ஒன்றும் குறையவில்லை.

"அவிய முழுங்க மாட்டேங்காவ. ஸ்டிரைக்குங்காவ."

"மில்லுலதான ஸ்டிரைக்கு? மாத்திரைக்கு என்ன?"

"என்னத்தச் சொல்ல. சங்கு ஊதுற வரைக்கும் எவனும் சுண்டு விரலக்கூட அசைக்கக் கூடாதுன்னு கேட் மீட்டிங்ல பேசுனதே அவியதான். மறுநாளு மணி பாத்து ஏழுக்கு ஒண்ணு எடுத்தாவ. பந்தல்ல ஒரு பய, 'என்ன அண்ணாச்சி, எங்களுக்கெல்லாம் ஷிப்டு இல்ல, ஒங்களுக்கு மட்டும் உண்டோ?'ன்னு கேட்டுட்டான். எல்லாரும் சிரிச்சிட்டாவ. அன்னைக்கு உள்ள வச்சதுதான்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "விட்டதையெல்லாம் சேத்துக் கொழம்புல கரைச்சு ஒரே வாய்ல குடுத்துரட்டா?" என்றார்.

கூடவே கூடாது என்று அலறினேன். விட்டதைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமிக்கு முன்னால் அண்ணாச்சியின் வயிறு போய்விடும். டாக்டரிடம் ஓடினேன். "அந்தக் கால் எங்கே இருக்கு?" என்றார். பந்தலில் என்றேன். "திரும்ப முதல்லேருந்து இருபத்தோரு நாள். இன்னிக்கே ஆரம்பிக்கணும். இன்னும் ரெண்டு நாள் விட்டா கணுக்காலுக்கு மேல எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். ஊசி போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் சொல்லி அனுப்பினேன். பந்தலை விட்டு வரமாட்டேன் என்றார் அண்ணாச்சி. நர்ஸைப் பந்தலுக்கே அனுப்புகிறேன் என்றால், நானூறு பேர் முன்னால் வேட்டியை இறக்கமாட்டேன் என்றார்.

நானே போனேன். அண்ணாச்சி பெஞ்சில் சாய்ந்து, காலைச் செங்கல் அடுக்கின் மேல் வைத்திருந்தார். கட்டுத் துணிக்கு ஊரில் பஞ்சமே இல்லை. அதை நெய்து பிழைக்கிற ஊர். மொத்தமாகச் சுற்றியிருந்தார்கள். அத்தனையையும் தாண்டி நாற்றம் வந்தது. 

"அண்ணாச்சி, காலு போயிரும்."

"தெரியுதும்மா."

"பொறவு ஏன் இப்படிச் செய்யுதீய? கடிகாரத்தப் பாத்து முழுங்குனா என்ன?"

"நீங்க கடிகாரத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. சங்குன்னுதான் சொன்னீய. முன்னாலயும் கூடாது, பின்னாலயும் கூடாதுன்னு சொன்னீய." கோபமில்லாமல், மரியாதையாகத்தான் சொன்னார். 

பக்கத்தில் நின்ற யூனியன் செக்ரட்டரி செல்வராஜ் நல்ல மனிதர். கையைப் பிசைந்தார். "கமிட்டியக் கூட்டி அண்ணாச்சிக்கு ஒரு விதிவிலக்கு குடுத்துருவோம்மா. செத்த நேரம் இருங்க" என்றார். கமிட்டி எட்டுப் பேரும் பெஞ்சுப் பக்கமே வட்டமாகக் கூடினார்கள். நோட்டைத் திறந்தார்கள். விவாதப் பொருள்: சங்கு நேரத்தில் மாத்திரை முழுங்குவது வேலையா, சாப்பாடா? சாப்பாடு என்றால் தடையில்லை. வேலை என்றால் தடை. ஒருவர், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பது சாப்பாடுதான் என்றார். இன்னொருவர், பசிக்காமல் சாப்பிடுவது எப்படிச் சாப்பாடாகும், நேரத்துக்குச் செய்தால் அது வேலைதான் என்றார். ஒரு மணி நேரம் பேசினார்கள். ஓட்டெடுப்பில் நாலுக்கு நாலு என்று நின்றது.

வேலை என்று கைதூக்கிய நாலு பேரில் ஒருவர் வேலுச்சாமி அண்ணாச்சி.

"அண்ணாச்சி, இது ஒங்க காலு!" என்று கத்திவிட்டேன்.

"அதனாலதாம்மா. எனக்குன்னா நானே சலுகைக்குக் கை தூக்கலாமா?" என்றார். சிலர் கை தட்டினார்கள். செல்வராஜ் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் அண்ணாச்சியே ஒரு வழி சொன்னார். "சங்கு ஊதச் சொல்லுங்க, முழுங்குதேன்."

மில்லுக்குள்ளே போய் மேனேஜரைப் பார்த்தேன். பயந்துகொண்டேதான் போனேன். அவர் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டார். "தாராளமா ஊதலாம்மா! உயிர் விஷயம். வேணும்னா ஷிப்டுக்கு முன்னாடி ஊதுற எச்சரிக்கைச் சங்கையும் சேத்து ஊதலாம்" என்றார். இவ்வளவு நல்லவரா என்று வெளியே வந்து சொன்னேன். செல்வராஜின் முகம் இருண்டது. "அந்தாளுக்கு என்ன, கொண்டாட்டம்தான். சங்கு கேட்டா எங்க ஆளுகள்ல பாதிப் பேரு பழக்கத்துல கேட்டுக்குள்ள போயிருவான். பொறவு ஸ்டிரைக்கு எங்க இருக்கும்?"

உள்ளேயும் வெளியேயுமாக அன்றைக்கு ஏழு தடவை நடந்தேன். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு தரப்பும், எனக்காக ஒரு காகிதத்தை உள்ளுக்கும் வெளியிலுமாக அனுப்பித் திருத்திக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மதியம்தான் முடிவானது. அதன் வாசகம் எனக்கு இன்னும் மனப்பாடம்: "இந்தச் சங்கு வேலுச்சாமி என்பவரின் மருந்துக்காக மட்டும் ஊதப்படுகிறது. இதைக் கேட்டு யாரும் வேலைக்கு வர வேண்டியதில்லை. வந்தால் அது வந்ததாகக் கொள்ளப்பட மாட்டாது." மேனேஜர் கையெழுத்து, செக்ரட்டரி கையெழுத்து, சாட்சியாக நான்.

கையெழுத்தான பிறகுதான் யார் ஊதுவது என்ற கேள்வி வந்தது. ஊதுகிற ஆள் ஸ்டிரைக்கில் இருக்கிறார். அவர் தொட்டால் வேலை செய்ததாகும். மேனேஜர் தொட்டால் ஆட்களை வேலைக்குக் கூப்பிட்டதாகும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான், மருந்தாளுநராகப் பதிவுபெற்ற நான், மதியம் மூன்று மணிக்கு ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் சிவப்புப் பொத்தானுக்கு முன்னால் நின்றேன். இரண்டு பக்கமும் மேனேஜரும் செல்வராஜும், நான் கூடுதலாக ஒரு விநாடி ஊதிவிடாமல் பார்க்க. அழுத்தினேன். அவ்வளவு பக்கத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. உடம்பே விறைத்து, விரலை எடுக்க மறந்துபோனேன். செல்வராஜ்தான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

வெளியே ஊர் கலகலத்துவிட்டது. ஸ்டிரைக் முடிந்தது என்று டீக்கடையில் பாலை ஏற்றினார்கள். லைன் வீடுகளிலிருந்து தூக்குவாளியோடு பெண்கள் ஓடிவந்தார்கள். எண்பது பேர் கேட் வரைக்கும் வந்து, உள்ளே போகவா வேண்டாமா என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். போலீஸ் ஜீப் ஒன்று வந்தது. நான் ரேடியோவுக்கு மாற்றியிருந்த ஆட்களில் ஆறு பேர், பழைய ஞாபகத்தில் இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்கள். பந்தலில் வேலுச்சாமி அண்ணாச்சி கண்ணை மூடி, கேப்சூலை நாக்கில் வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். நானூறு பேரும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது இறங்கியதும் விசில் பறந்தது.

அடுத்த நாள் முதல் காலையிலும் மதியமும் நானே போய் ஊதினேன். ராத்திரிச் சங்கு கேட்டில் இருந்த கூர்க்காவின் பொறுப்பு. அவர் இரண்டு கட்சியும் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். பொத்தானை அழுத்தும்போது மேனேஜரும் செல்வராஜும் கண்டிப்பாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். சும்மா எவ்வளவு நேரம் நிற்பது? முதலில் அண்ணாச்சியின் காலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மழையைப் பற்றி. பிறகு அந்தக் கூடுதல் இயந்திரத்தைப் பற்றி. இரண்டு வாரத்தில் ஸ்டிரைக் முடிந்தது. கேப்சூல்தான் முடித்துவைத்தது என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். நான் உரிமை கொண்டாடவில்லை.

கால் பிழைத்தது. பெருவிரல் பிழைக்கவில்லை. மருந்து நின்ற நாட்களில் கிருமி எலும்பைத் தின்றிருந்தது. டாக்டர் விரலை எடுத்துவிட்டார்.

தையல் பிரித்த அன்று, அண்ணாச்சியும் பேச்சியம்மாவும் என் கவுண்டருக்கு வந்தார்கள். இன்னும் பத்து நாள் கேப்சூல் எழுதியிருந்தது. எண்ணிப் போட்டேன்.  மருந்தைச் சங்கோடு கட்டியது நான். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக் கட்டியது. அந்த மனிதருக்கு வாய் இருந்தது, வீடு இருந்தது, ஒவ்வொரு நாளும் ஒரு நடைமுறை இருந்தது. அதில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணாச்சி, தப்பு என்னோடது. மன்னிச்சிக்கிடுங்க."

 அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இத யாருகிட்டயும் சொல்லிறாதீய. ரெண்டாம் நாளே எனக்குப் பயம் வந்துட்டு. நாத்தம் அடிக்க ஆரம்பிச்சதுமே வெலவெலத்துப் போச்சு. சொன்ன சொல்லுல நின்னுட்டேன், எறங்க வழி தெரியல. இவ கொழம்புல கரைச்சுக் குடுக்கவான்னு ஒங்ககிட்ட வந்து கேட்டா. அவ கேக்காம கரைச்சிருக்கணும். செல்வராஜு கமிட்டியக் கூட்டுனான். மேனேஜரு காயிதம் போட்டாரு. நீங்க சங்கே ஊதுனீய. எல்லாரும் எம்புட்டு மரியாதையா நடந்துக்கிட்டீய! எவராவது ஒருத்தர் வந்து, 'ஏலே, வாயத் தெற'ன்னு அதட்டிப் போட்டிருந்தா அன்னைக்கே முழுங்கிருப்பேன்."

பேச்சியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மணி பத்தே கால். உறையிலிருந்து ஒரு கேப்சூலை எடுத்தேன். டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, கவுண்டரை விட்டு வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன்.

"வாயத் தெறங்க" என்றேன்.

உடனே திறந்தார்.